வங்கி, நிதி நிறுவனப் புகார்: எந்த நாளுக்குள் எங்கே போக வேண்டும்?

சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறேன். 2023 ஜூனில் நிழல்வலை போடுவதற்காகக் கிருஷ்ணகிரியில் ஒரு நிதி நிறுவனத்தில் இரண்டரை லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். கணக்கில் வந்து விழுந்த தொகை குறைவாக இருந்தது. பரிசீலனைக் கட்டணம் பிடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு முன் கணக்கு நோட்டை நேர்செய்ய உட்கார்ந்தபோதுதான் 14,750 ரூபாய் காப்பீட்டுப் பிரீமியமாகப் போயிருப்பது தெரிந்தது. நான் கேட்காத காப்பீடு அது. பாலிசித் தாளைக்கூட யாரும் என் கண்ணில் காட்டவில்லை.

அந்தப் பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் நான்கைந்து மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் பத்து மாதம் ஆனது. நியாயம் என் பக்கம் இருந்தது, தாள்களும் இருந்தன. எந்தப் படிக்கு எத்தனை நாள், அந்த நாள் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதுதான் தெரியவில்லை. அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு தினசரிக் காலண்டரும் பேனாவும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. பணம் களவு போயிருந்தால் இன்றே, இப்போதே

உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றால், கீழே உள்ள முப்பது நாள் கணக்கெல்லாம் பிறகு. முதலில் வங்கியின் அவசர எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்குங்கள். அடுத்த அழைப்பு 1930, சைபர் குற்ற உதவி எண். இரண்டு அழைப்புக்கும் புகார் எண் கேட்டு வாங்கி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொல்வது இது. தவறு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, நடுவில் யாரோ செய்தது என்றால், வங்கியின் குறுஞ்செய்தி வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நட்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்கள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். ஏழு தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு: வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நட்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நட்டம். ஒரு மணி நேரத் தாமதம்கூட இங்கே காசு.

ஏ.டி.எம். பணம் தராமல் கணக்கில் மட்டும் கழித்துக்கொண்டால் ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பி, அவர் கணக்கில் ஏறாமல் போனால் மறுநாளுக்குள். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். இந்தக் கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும்; கேட்காமலே தர வேண்டியது அது. தராவிட்டால் புகாரில் தனி வரியாக எழுதுங்கள்.

2. யார்மேல் புகார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

வங்கிகள், நம் பக்கத்துக் கிராம வங்கி, பெரிய நிதி நிறுவனங்கள், யு.பி.ஐ. மற்றும் வாலட் நிறுவனங்கள், கிரெடிட் ஸ்கோர் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். ஓம்புட்ஸ்மன் என்று சொல்வதும் இவரைத்தான். வீட்டுக் கடன் மட்டுமே கொடுக்கும் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். ரிசர்வ் வங்கிக்கு அனுப்பினால் திரும்பிவிடும். ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வண்டிக் காப்பீடு எல்லாவற்றுக்கும் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் என்றால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளம். அங்கே சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் புகார் ஏற வேண்டும், நிறுவனத்துக்கு 21 நாள், அந்தப் பதில் பிடிக்கவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்க உங்களுக்கு 15 நாள்தான்.

ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் நகைக் கடன் தகராறு என்றால் கூட்டுறவுத் துறை இணைப்பதிவாளர் அலுவலகம். பதிவில்லாத சீட்டு, இரட்டிப்பாகத் தருகிறேன் என்று வசூலித்துவிட்டு ஓடியவர்கள் ஆகியோர்மீது இந்தக் கட்டுரை உதவாது; அது பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல் துறைக்கு உரியது.

என் விஷயத்தில் காப்பீடு என்று பெயர் இருந்தாலும், பணத்தைப் பிடித்தது நிதி நிறுவனம். அதனால் ரிசர்வ் வங்கி வழியே போனேன். இந்த இடத்தில் குழம்பிப் பலர் மாதக்கணக்கில் தவறான கதவைத் தட்டுகிறார்கள். பணத்தை யார் எடுத்தார், யார் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், கதவு தெரிந்துவிடும்.

3. எழுத்தில் கொடுங்கள், முத்திரையைப் படித்துப் பாருங்கள்

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நான் அந்தக் கிளைக்கு ஏழு முறை போனேன். போச்சம்பள்ளி வந்து பஸ் மாறி, ரவுண்டானாவில் இறங்கி, மாடிப்படி ஏறி. "மேடம், மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பார்கள். ஒருமுறை தேநீர்கூட வாங்கித் தந்தார்கள். வசூலுக்கு வரும் தம்பிக்கு வாட்ஸப்பில் நான்கு செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. இந்த நான்கு மாதமும் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. எழுத்தில் புகார், அது நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்: கடிகாரம் அங்கிருந்துதான் ஓடும்.

யாருக்கு எழுதுவது? ஒவ்வொரு கிளையிலும் குறைதீர் அலுவலரின் பெயரும் முகவரியும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் கிளையில் அது தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் இருந்தது. கடிதத்தை அவருக்கு எழுதி, கிளை மேலாளருக்கு நகல் கொடுங்கள். கடிதம் ஒரு பக்கம் போதும். கடன் எண், தேதி, தொகை, என்ன நடந்தது, என்ன வேண்டும். "என்ன வேண்டும்" என்ற வரியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தால், "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வரும். "14,750 ரூபாயை வட்டியுடன் என் கணக்கில் வரவு வைக்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றில் கிளையின் முத்திரை, கையெழுத்து, தேதி வாங்க வேண்டும். 2024 ஜூன் 10, திங்கட்கிழமை, நானும் வாங்கினேன். முத்திரை பளிச்சென்று விழுந்தது. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து சும்மா எடுத்துப் பார்த்தால், அதில் ஜூன் 3 என்று இருக்கிறது. முத்திரையில் தேதியைத் திருப்பும் சின்னச் சக்கரங்களை அந்த வாரம் யாரும் தொடவில்லை. என் கடிதத்தின் தலையில் 10.06.2024, அடியில் உள்ள முத்திரையில் 03.06.2024. எழுதுவதற்கு ஒரு வாரம் முன்பே பெற்றுக்கொண்ட கடிதம்! இதை அப்படியே பதிவேற்றியிருந்தால் நான் போலி முத்திரை குத்தினேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். திரும்பி நடந்தேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் முத்திரையின் மேலேயே பேனாவால் சரியான தேதியை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுத் தந்தார். முத்திரையை அங்கேயே நின்று படியுங்கள்.

முத்திரை தர மறுத்தால் சண்டை வேண்டாம். அஞ்சல் அலுவலகத்துக்குப் போய், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எனக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ரசீதில் உள்ள எண்ணை இணையத்தில் போட்டு, எந்த நாளில் பட்டுவாடா ஆனது என்பதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில மாதங்களில் அந்தத் தகவல் தளத்திலிருந்து போய்விடும். ரசீது வெயிலில் வெளுத்துவிடும் வகைத் தாள். அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் செல்லும், புகார் எண்ணுடன் வரும் பதிலை அழிக்காதீர்கள்.

சேர்க்க வேண்டிய தாள்கள்: கடன் ஒப்புதல் கடிதம், கடன் கணக்கு அறிக்கை, பணம் ஏறிய பாஸ்புக் பக்கம். 2024 அக்டோபருக்குப் பிறகு கடன் வாங்கியவர்கள் முக்கிய விவரத் தாள் என்று ஒன்றை வாங்கியிருப்பீர்கள். கட்டணம், காப்பீடு எல்லாம் அதில் வரி வரியாக இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பின்னால் பிடிக்க முடியாது. எனக்கு அந்தத் தாள் இருந்திருந்தால் பாதிக் கட்டுரை மிச்சம்.

4. முப்பது நாள் எண்ணுங்கள், முந்தாதீர்கள்

என் முதல் முட்டாள்தனம் இங்கே. மே மாதம், எழுத்துப் புகார் எதுவும் கொடுக்காமலே, கோபத்தில் நேராக ரிசர்வ் வங்கிக்குப் புகார் போட்டேன். நிறுவனத்திடம் முதலில் முறையிடவில்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை, விதி அது.

நிறுவனத்துக்குப் புகார் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவர்களுக்கு உண்டு. அதற்குள் மறுத்து எழுதினால், எழுதிய மறுநாளே நீங்கள் மேலே போகலாம். பாதி ஒத்துக்கொண்டு பாதியை மறுத்தாலும் போகலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் 30 நாள் முடியட்டும். ஜூன் 10இல் கொடுத்த என் கடிதத்துக்கு முப்பதாவது நாள் ஜூலை 10. காலண்டரில் ஜூலை 11ஆம் தாளைக் கிழிக்காமல் மடித்து, அதில் "போடு" என்று எழுதி வைத்தேன். அந்தத் தாளில் ஒட்டுக் கட்டிய விரலின் பால்கறை இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. ஜூலை 5ஆம் தேதி ஒரு கடிதம் வந்தது: "தங்கள் புகார் சம்பந்தப்பட்ட துறையின் பரிசீலனையில் உள்ளது. பொறுமை காக்கவும்." படித்ததும் நிம்மதி வரும், அதற்காகவே எழுதப்பட்டது. இப்படி ஒரு கடிதத்தை நம்பி என் சித்தி மகன் எட்டு மாதம் காத்திருந்தான். பரிசீலனையில் இருக்கிறது என்பது தீர்வு இல்லை. முப்பது நாள் முடிந்ததும் அந்தக் கடிதத்தையும் சேர்த்து மேலே அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன், எந்தத் தடையும் வரவில்லை.

இன்னொன்று: மாதம் ஒரு புதிய கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தால் கெடு நீண்டுகொண்டே போகும் என்று நினைக்காதீர்கள். நினைவூட்டல் வெறும் நினைவூட்டல். எண்ணிக்கை முதல் கடிதத்திலிருந்துதான்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்குப் போகும், சில நேரம் கிளை மேலாளருக்கு ஓர் அழைப்பும் வரும். ஆனால் அந்த மனு ரசீது, நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய புகாருக்கு ஈடாகாது. தர்மபுரியில் ஒரு பூ வியாபாரி அக்கா மூன்று மனு ரசீதுகளைப் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். நிறுவனத்துக்கு எழுதிய ஒரு தாள்கூட இல்லை.

5. குறைதீர்ப்பாளரிடம் போகும் நாள்

நான் புகார் போட்டபோது நடப்பில் இருந்த 2021ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கணக்கு இது: நிறுவனத்தின் பதில் பிடிக்கவில்லை என்றால், பதில் கிடைத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள். பதிலே வரவில்லை என்றால், புகார் கொடுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டும் 30 நாளும். என் கணக்கில் அது 2025 ஜூலை 10. நிறைய நாள் இருப்பதுபோல் தெரியும். அதை நம்பாதீர்கள். இந்தத் திட்டங்களை ரிசர்வ் வங்கி அவ்வப்போது மாற்றி எழுதுகிறது. நீங்கள் புகார் போடும் நாளில் என்ன கெடு என்று 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டு, தமிழிலேயே பதில் வாங்கிக்கொள்ளலாம். என் சொந்த விதி: முப்பது நாள் முடிந்த அடுத்த மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். எந்தத் திட்டம் வந்தாலும் இது பிழைக்கும். ஓர் ஆண்டுக் கெடுவைவிட ஆபத்தான இன்னொரு காரணமும் உண்டு. அது அடுத்த தலைப்பில்.

கட்டணம் கிடையாது. சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஊரில் ஒருவர் சென்னை ராஜாஜி சாலைக்கு நேரில் போனால்தான் வேலை நடக்கும் என்றார். கிருஷ்ணகிரியில் ரயில்கூட இல்லை, நல்ல யோசனை சொன்னார். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் தளத்தில் பதிவேற்றலாம். இணையம் வேண்டாம் என்றால் கடிதமாக எழுதி, மையப் புகார் பெறும் மையம், இந்திய ரிசர்வ் வங்கி, செக்டர் 17, சண்டிகர் 160017 என்ற முகவரிக்கு அனுப்பலாம்.

தளத்தில் போடும்போது கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். கடன் விண்ணப்பத்தில் என் கணவரின் எண் இருந்ததால் அதையே கொடுத்தேன். அவர் அந்த நேரம் கோலார் லாரிக்குக் கன்று ஏற்றிக்கொண்டிருந்தார்; எண் வருவதற்குள் தளம் என்னை வெளியே தள்ளிவிட்டது. மூன்று முறை. கையில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள், பின்னால் வரும் செய்திகளும் அதற்குத்தான் வரும். தாள்களை ஸ்கேன் செய்ய இ-சேவை மையத்தில் நாற்பது ரூபாய் வாங்கினார்கள். நிறுவனத்துக்கு எழுத்துப் புகார் கொடுத்தீர்களா, எந்தத் தேதியில், பதில் வந்ததா என்று தளம் கேட்கும். அந்த இடத்தில் முத்திரைத் தேதியை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.

செய்யக் கூடாதவை. வழக்கறிஞர் மூலம் போடக் கூடாது, திட்டமே அதை ஏற்பதில்லை. படித்த மகனோ மகளோ உங்கள் எழுத்துபூர்வ அனுமதியோடு போடலாம். "நான் முடித்துத் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நடந்துகொண்டிருந்தால் இங்கே எடுபடாது.

பிறகு நிறுவனத்திடம் விளக்கம் கேட்பார்கள். உங்களிடமும் கூடுதல் தாள் கேட்டுச் செய்தி வரலாம், சில நாள் அவகாசம்தான் தருவார்கள். விளம்பரக் குறுஞ்செய்தி என்று தள்ளிவிட்டால் புகார் மூடப்படும். வாரம் இருமுறை தளத்தில் புகார் எண்ணைப் போட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். நான் செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொண்டேன்.

6. ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு கடிகாரம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு கெடு. இது பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் புகார் எழுதிய நாளிலிருந்து அல்ல. குறைதீர்ப்பாளரிடம் புகார் நிலுவையில் இருக்கிறதே என்று அது நின்று காத்திருப்பதும் இல்லை.

என் தேதிகளைப் பாருங்கள். பணம் பிடித்தது 2023 ஜூன் 16. இரண்டு ஆண்டு முடிவது 2025 ஜூன் நடுவில். குறைதீர்ப்பாளரிடம் போக எனக்கிருந்த கடைசி நாளோ 2025 ஜூலை 10. அதாவது அங்கே "இன்னும் நாள் இருக்கிறது" என்று கடைசி வாரம் வரை உட்கார்ந்திருந்தால், அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடியிருக்கும். எனக்கு இதைச் சொன்னவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இருந்த ஒரு தன்னார்வலர். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. தெரிய வந்த நாளிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று வாதாடலாம்; போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதெல்லாம் வழக்குக்குள் ஒரு வழக்கு. 14,750 ரூபாய்க்கு இரண்டு வழக்கு யார் நடத்துவது?

ஆகவே காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள். பிரச்சினை நடந்த நாளோடு இரண்டு ஆண்டு சேர்த்தால் வருவது ஒன்று; அதற்கு மூன்று மாதம் முன்பு வருவது இரண்டாவது, அதுதான் உங்கள் எல்லைக்கோடு. அந்த நாள் வரை குறைதீர்ப்பாளரிடம் முடிவு வரவில்லை என்றால், அதை விட்டுவிட்டு ஆணையத்துக்குப் போவதா என்று யாரிடமாவது கலந்து பேசி முடிவெடுங்கள்.

ஆணையம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனி. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400, 20 முதல் 50 லட்சம் வரை 1,000. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு வரும், வாய்தாவும் வாங்கும். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், வருமானம் குறைந்தோரும் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மாநில ஆணையத்துக்கு 45 நாளுக்குள் மேல்முறையீடு.

7. காப்பீடு என்றால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் பாலிசி போட்டுவிட்டார்கள் என்றால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். காரணத்தை எழுதிக் கொடுங்கள்; எந்தக் காரணம் என்றாலும் செல்லும். எனக்குப் பாலிசியே தராததால் இந்த வழி தெரியாமல் போனது. உங்களுக்கு வந்தால் உறையின் மேல் தபால் முத்திரையோடு எடுத்து வையுங்கள்.

கிளெய்ம் தகராறு என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுப்பு என்றால், அதிலிருந்து ஓர் ஆண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். இங்கும் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. தீர்ப்பு வந்தால் நிறுவனம் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும்.

8. பத்திரமும் கிரெடிட் ஸ்கோரும்

நம் பக்கம் அதிகம் இழுக்கும் விஷயம் இது. கடனை முழுதாகக் கட்டிய பிறகு அசல் சொத்துப் பத்திரத்தை 30 நாளுக்குள் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் விதி. தாமதம் அவர்கள் தவறு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். பத்திரத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்றால் நகல் எடுத்துத் தர இன்னும் 30 நாள் அவர்களுக்கு உண்டு, செலவு அவர்களுடையது. ஆனால் இந்தக் கணக்கைத் தொடங்கக் கடன் முடித்த தேதிக்கு உங்களிடம் தாள் வேண்டும். கடைசித் தவணை கட்டிய அன்றே, பாக்கி இல்லை என்ற சான்று கேட்டு எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டுவிட்டு வந்தால், "அந்தச் சான்று அடுத்த மாதம்தான் உருவானது, கெடு இன்னும் முடியவில்லை" என்பார்கள்.

கிரெடிட் ஸ்கோரில் தவறான பதிவு இருந்தால் திருத்த 30 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய்.

9. முடிவு வந்த பிறகும் நாள் இருக்கிறது

பெரும்பாலான புகார்கள் தீர்ப்பு வரை போவதில்லை. என்னுடையதும் சமரசத்தில் முடிந்தது. 2024 அக்டோபரில் நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பணத்தைத் தந்துவிடுகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். வாபஸ் முதலில், பணம் பிறகு என்ற வரிசையை ஏற்காதீர்கள். கணக்கில் ஏறட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் எரிச்சலாகப் பேசினார்கள், மூன்றாவது வாரம் ஏறியது.

தீர்ப்பாகவே வந்தால் கவனம். 2021 திட்டத்தின்படி, தீர்ப்பின் நகல் கிடைத்து 30 நாளுக்குள் "இதை முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று சும்மா இருந்தால் தீர்ப்பு காலாவதியாகிவிடும். ஏற்றதை எழுதிக் கொடுத்த பிறகு நிறுவனத்துக்கு 30 நாள். தோற்றிருந்தால் மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான். எல்லாவகை முடிப்புக்கும் மேல்முறையீடு இல்லை, உங்களுக்கு வந்த கடிதத்தில் எந்த விதியின்கீழ் முடித்தார்கள் என்று எழுதியிருக்கும். அதே திட்டத்தில் ஏற்பட்ட இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், அலைச்சல், மன உளைச்சலுக்குத் தனியே 1 லட்சம் வரையும் கேட்க இடம் இருந்தது. நான் உளைச்சலுக்குக் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். அதில் ஒரு தொகை எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

என் செலவு: தபால், ஜெராக்ஸ், ஸ்கேன் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குக் கீழ். பஸ் கட்டணம் அதைவிட அதிகம், அதில் பெரும்பகுதி எழுத்தில் எதுவும் கொடுக்காமல் போய்வந்த அந்த ஏழு நாட்களுடையது. 2024 நவம்பரில் பணம் ஏறியதும் பாஸ்புக்கை அச்சடித்து, முத்திரை போட்ட கடிதத்துக்கு மேல் வைத்துக் கிளிப் போட்டேன். அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; ஆறு மாதம் கழித்துக் கடன் கணக்கு அறிக்கையை மறுபடி வாங்கிப் பாருங்கள், வரவு வைத்த தொகையை வேறு பெயரில் பற்று எழுதியிருக்கிறார்களா என்று. நான் ஏப்ரலில் பார்த்தேன், எழுதவில்லை.